கேம்பர் வேனில் முன் சீட்டைத் திருப்புவது: எந்தச் சீட்டை, யாருக்கு?

வேன் வாங்கி, உள்ளே பலகை அடித்து, படுக்கை போட்டு, அடுப்பு வைத்து, அதைத் தங்கிப் பயணம் செய்யும் கேம்பராக ஆக்கி முடித்தவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. முன் சீட்டுகள் பின்பக்கம் பார்த்துத் திரும்புகிற மாதிரி மாற்றலாமா, வேண்டாமா? இந்தக் கோடையில் மட்டும் இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்கள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவருக்கும் மூன்று வேறு பதில்களைச் சொன்னேன். ஏன் ஒரே பதில் இல்லை என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் வண்டி ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் டி6, நீளம் குறைந்த வகை. சரக்கு வேனாக வாங்கி, கேம்பராக மாற்றியது. முதலில் இரண்டு முன் சீட்டுக்கும், அவற்றைத் திருப்ப உதவும் சுழல் தட்டு போட்டேன். இரண்டு வருடம் கழித்து டிரைவர் சீட்டில் இருந்ததைக் கழற்றிவிட்டேன். பக்கத்துச் சீட்டில் இருப்பது இன்னும் இருக்கிறது. இந்த வண்டியில் நான் போட்ட பணத்தில் அதுதான் நல்ல செலவு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இந்த அளவு வேனில் முன் சீட்டுக்குப் பின்னால் கிடைக்கும் தரை இரண்டரை மீட்டர் சொச்சம்தான். படுக்கையும் சமையல் மேடையும் போனால் மீதி ஒரு ஆள் நிற்கும் இடம். அதே நேரத்தில் முன்னால் இரண்டு நல்ல சீட்டுகள், வண்டி நிறுத்திய நொடியிலிருந்து சும்மா கிடக்கின்றன. அதனால்தான் இந்த ஆசை எல்லோருக்கும் வருகிறது.

எதையெல்லாம் வைத்து முடிவு செய்வது

முதலில் ஆட்கள் கணக்கு. இதில் இரண்டு கணக்கு இருக்கிறது. பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓடும்போது சீட் பெல்ட் போட்டு எத்தனை பேர் உட்கார வேண்டும் என்பது ஒன்று. நிறுத்திய பிறகு, மழை கொட்டும் மாலையில், உள்ளே எத்தனை பேர் முகம் பார்த்து உட்கார வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதுங்கள்.

அடுத்தது உயரம். சுழல் தட்டு என்பது இரண்டு இரும்புத் தகடுகள், நடுவில் சுழலும் வளையம், ஒரு பூட்டு, அவ்வளவுதான். சீட்டுக்கும் அதன் அடிப்பெட்டிக்கும் நடுவில் வைத்து போல்ட் போடுவார்கள். அதனால் சீட் பொதுவாக 3 முதல் 5 செ.மீ. உயர்ந்துவிடும். கேட்கச் சின்ன அளவு. ஆனால் குள்ளமானவருக்கு கிளட்ச் எட்டாமல் போவதற்கும், உயரமானவருக்குக் கண் கண்ணாடியின் மேல்விளிம்புக்கு வந்து சிக்னல் விளக்கைக் குனிந்து பார்ப்பதற்கும் இது போதும். உயரத்தைச் சரிக்கட்டத் தாழ்ந்த அடிப்பெட்டி கிடைக்கிறது. அது தனிச் செலவு. திரும்பி உட்கார்ந்தாலும் உயரம் உறுத்தும். கால் தரையில் பதியாமல் தொங்கினால் அரை மணி நேரத்தில் தொடை மரத்துவிடும்.

மூன்றாவது, சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது. பல வேன்களில் பேட்டரி அங்கேதான். டீசல் ஹீட்டரைப் பக்கத்துச் சீட்டுக்கு அடியில் பொருத்தியவர்களும் உண்டு. தட்டு வந்தபின் அவற்றை எடுத்துப் பார்ப்பது கூடுதல் வேலையாகிவிடும்.

நான்காவது பாதுகாப்பு. இதில் சமரசமே கூடாது. மோதலின்போது ஆளின் எடையைத் தாங்குவது சீட்டும் பெல்ட்டும் மட்டும் இல்லை. நடுவில் நீங்கள் புதிதாக வைத்த தட்டும்தான். பெல்ட்டின் கொக்கி சீட்டோடு சேர்ந்திருக்கும் வண்டிகளில் அந்தக் கொக்கியில் விழும் இழுவை முழுக்கத் தட்டின் வழியாகத்தான் தரைக்குப் போகும். அதனால் உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்து, இழுத்துச் சோதித்து, சான்றிதழோடு விற்கும் தட்டை மட்டுமே வாங்குங்கள். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் 'எல்லா வேனுக்கும் பொருந்தும்' தட்டு பக்கமே போக வேண்டாம். சீட்டுக்கு அடியில் ஓடும் மஞ்சள் பிளக் வயர் ஏர்பேக்குக்கும் பெல்ட்டை இறுக்கும் கருவிக்கும் உரியது. சீட் திரும்பும்போது அந்த வயர் இழுபடாத அளவுக்கு நீளம் இருக்க வேண்டும். இழுபட்டு ஏர்பேக் விளக்கு எரிந்தால் பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி.யில் வண்டி தேறாது.

ஐந்தாவது, காகித வேலை. பிரிட்டனில் இந்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லியே ஆக வேண்டும். சீட் எண்ணிக்கை மாறினால் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கும் தெரிவிக்க வேண்டும். ஜெர்மனியில் இன்னும் கறார்: பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குத் தட்டோடு வரும் சான்றுத் தாள் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, யாரும் யோசிக்காத இரண்டு விஷயங்கள். எனக்கும் இவை பிறகுதான் தெரிந்தன.

ஒன்று கதவு. பெரும்பாலான வேன்களில் சீட்டின் முதுகு கதவிலோ அதன் தூணிலோ இடிக்காமல் திரும்ப வேண்டுமென்றால் கதவைத் திறந்தாக வேண்டும். வேலை இப்படிப் போகும்: சாய்வை நிமிர்த்த வேண்டும், சீட்டை முன்னால் தள்ள வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், பூட்டை விடுவித்துக்கொண்டே பாதி திருப்ப வேண்டும், கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும், மீதியைத் திருப்ப வேண்டும், 'டக்' என்று பூட்டு விழும் சத்தம் கேட்க வேண்டும். பழகிவிட்டால் இருபது நொடி. அந்த இருபது நொடி எங்கே, எப்போது என்பதுதான் விஷயம். ஸ்காட்லாந்தில் கிளென்கோ பக்கம் ஆகஸ்ட் மாலை ஒன்றில் காற்று அடங்கியிருந்தது. அங்கே மிட்ஜ் என்று ஒரு பூச்சி உண்டு. நம் ஊர்க் கொசுவில் கால்வாசி கூட இருக்காது, ஆனால் புகை மாதிரி கூட்டமாக வரும். கதவைத் திறந்து சீட்டைத் திருப்பி மூடுவதற்குள் முன் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க மிளகுப்பொடி தூவியது போல் ஆகிவிட்டது. அன்றிரவு நான், மனைவி, அம்மா மூன்று பேரும் சொறிந்துகொண்டே படுத்தோம். அதற்கப்புறம் எங்கே போனாலும் வண்டியை நிறுத்திய உடனேயே, வெளிச்சம் இருக்கும்போதே, சீட்டைத் திருப்பிவிட்டுத்தான் மற்ற வேலை.

இன்னொன்று குளிர். திரும்பிய சீட்டில் உட்கார்ந்தால் உங்கள் பிடரிக்குப் பின்னால் இருப்பது விண்ட்ஸ்கிரீன். வண்டியிலேயே பெரிய, ஒற்றைக் கண்ணாடி அதுதான். முன்பெல்லாம் முன் சீட்டுக்குப் பின்னால் ஒரு கனத்த திரையை இழுத்துவிட்டால் போதும், பின்பகுதியை மட்டும் சூடாக்கிக்கொள்ளலாம். முன்பகுதியும் வீட்டின் ஒரு அறை ஆனபின் அந்தத் திரை போடும் இடமே இல்லாமல் போகிறது. முன் கண்ணாடிக்கும் இரண்டு முன் கதவுக் கண்ணாடிக்கும் வெப்பத் தடுப்பு மறைப்பு வாங்க வேண்டும். காலையில் அவற்றைக் கழற்றும்போது உள்பக்கம் நீர் வழியும்; துடைக்க ஒரு துணி எப்போதும் கையில் இருக்க வேண்டும். சீட்டின் விலையில் இதையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

வழி 1: திருப்பாமல் அப்படியே விடுவது

செலவு இல்லை, எடை கூடாது, இன்ஷூரன்ஸில் சொல்ல வேண்டிய மாற்றம் ஒன்று குறைவு. தனியாகப் போகிறவர், பகல் முழுக்க வெளியே நடந்துவிட்டு இரவு படுக்க மட்டும் வண்டிக்குள் வருகிறவர், பக்கவாட்டில் கூடாரம் கட்டி அதில் உட்கார்கிறவர் ஆகியோருக்கு இதுவே நல்லது. சரக்கு வேனில் முன் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தடுப்பை எடுக்காமலே விட்டால் குளிரும் சத்தமும்கூடக் குறையும்.

இதன் மறைந்த விலை இரவிலும் விடியற்காலையிலும் தெரியும். பின் இருக்கையை விரித்தால்தான் படுக்கை. ஒருவர் படுத்துவிட்டால் இன்னொருவருக்கு உட்கார இடம் கிடையாது. அவரும் படுத்தே ஆக வேண்டும். ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழும் ஜோடிக்குக் கவலை இல்லை. மற்றவர்களுக்கு மூன்றாம் நாளிலேயே எரிச்சல் வரும்.

வழி 2: பக்கத்துச் சீட்டை மட்டும் திருப்புவது

என் ஓட்டு இதற்குத்தான். நான் விசாரித்தபோது ஒரு தட்டு தோராயமாக 200 முதல் 350 பவுண்டு வரை இருந்தது. பொருத்தும் கூலி சீட்டுக்கு 100 முதல் 150 பவுண்டு. எடை ஏறத்தாழ 10 கிலோ. பக்கத்துச் சீட்டுக்கு ஸ்டியரிங் இல்லை, பெடல் இல்லை. கொஞ்சம் உயர்ந்தால் ஓட்டுவதற்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பிரிட்டனில் பக்கவாட்டுக் கதவும் வழக்கமாக அந்தப் பக்கமே இருப்பதால் திரும்பிய சீட்டுக்கு முன்னால் கால் நீட்ட இடம் கிடைக்கிறது.

எங்கள் வண்டியில் அது அம்மாவின் சீட். நானும் மனைவியும் தூக்கும் கூரைக்கு உள்ளே மேலே படுப்போம், அம்மா கீழே. எங்கே போனாலும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். முழங்கால் வலிக்காரர், விரித்த படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. திருப்பி வைத்த சீட்டில் உட்கார்ந்து, படுக்கையின் நுனியில் காலை நீட்டி, மடியில் போர்வை போட்டுக்கொண்டு, நாங்கள் இறங்கும் வரை ஜன்னல் மறைப்பின் ஒரு ஓரத்தை மட்டும் விலக்கிக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கைப்பிடியும் சாய்வும் உள்ள ஒரு நாற்காலி வண்டிக்குள் இருப்பது வயதானவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவரைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஒரு சிக்கல் உண்டு. சரக்கு வேன் பலவற்றில் டிரைவருக்குப் பக்கத்தில் இருப்பது இருவர் அமரும் நீளச் சீட். அதை எடுத்துவிட்டு ஒற்றைச் சீட் போட வேண்டும். அந்தச் சீட்டும் அதன் அடிப்பெட்டியும் பழைய சாமான் கடையில் வாங்கினால்கூடத் தட்டின் விலைக்குக் குறையாது. சில வேன்களில் இருக்கிற துளையிலேயே போல்ட் சேரும்; சிலவற்றில் தரையைத் துளைத்து அடியில் பலம் கொடுக்க வேண்டும், அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. முன்னால் மூன்று பேர் என்பது இரண்டாகும். பதிலுக்கு நடுவில் ஒரு நடைபாதை கிடைக்கும்: மழையில் இறங்காமலே ஸ்டியரிங்கிலிருந்து படுக்கைக்குப் போகலாம். தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் சிலர் சீட்டைவிட இந்த நடைபாதைக்காகத்தான் மாற்றினோம் என்றே சொல்லியிருக்கிறார்கள். இரவில் ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் வெளியே கால் வைக்காமல் வண்டியைக் கிளப்பிவிடலாம்.

வழி 3: டிரைவர் சீட்டையும் சேர்த்துத் திருப்புவது

இதில்தான் நிறையப் பேர் யோசிக்காமல் பணம் போடுகிறார்கள். 'ஒன்று போடும்போது இரண்டாகப் போட்டுவிடலாமே' என்று நானும் போட்டேன்.

முதல் தடை ஹேண்ட்பிரேக். என் டி6, அதற்கு முந்தைய டி5 போன்ற வண்டிகளில் நெம்புகோல் டிரைவர் சீட்டை ஒட்டியே நிற்கும். சீட் சுற்றும்போது இடிக்கும். அதனால் நெம்புகோலைக் கீழே இறக்கும் தனி பிராக்கெட் போட வேண்டும். என் வண்டியில் பொருத்திக் கொடுத்தவர் கேபிளை மறுபடி இறுக்காமல் விட்டிருந்தார். வேல்ஸில் ஒரு சரிவில் நிறுத்திவிட்டு இறங்கப்போனேன். வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. உடனே கியரில் போட்டு நிறுத்தினேன். அன்றைக்கு வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. பிராக்கெட் போட்டால், வண்டியை எடுப்பதற்கு முன் சரிவில் நிறுத்திப் பிரேக்கைச் சோதிப்பது கட்டாயம் என்று ஆணித்தரமாகச் சொல்கிறேன். மின்சார ஹேண்ட்பிரேக் உள்ள புதிய வண்டிகளில் இந்தப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது ஸ்டியரிங். திருப்பும்போது சீட்டின் முனை அதில் உரசும். ஸ்டியரிங்கை மேலே தூக்கி வைக்க வேண்டும். மூன்றாவது உயரம், மேலே சொன்ன 3 முதல் 5 செ.மீ. தினமும் வேலைக்கு ஓட்டும்போதெல்லாம் உறுத்தும். நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: சமையல் மேடை. பிரிட்டனில் செய்யும் சிறிய கேம்பர்களில் மேடையும் அலமாரியும் வழக்கமாக டிரைவருக்குப் பின்னால், வலது சுவரோரம் வரும். சீட்டைத் திருப்பினால் முழங்கால் நேரே அலமாரியின் பக்கவாட்டுப் பலகையில் போய் முட்டும். கோணலாக, பாதி திருப்பித்தான் உட்கார முடியும். இரண்டு வருடத்தில் அந்தச் சீட்டை நாங்கள் திருப்பியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்படியானால் இது யாருக்கு? பெரிய வேன்காரர்களுக்கு. ஃபியட் டுகாட்டோ வகையில் 5.41 மீட்டர், 5.99 மீட்டர் நீள வண்டிகளில் வழக்கமான அமைப்பே வேறு: முன் சீட்டுக்கு நேர் பின்னால் ஒரு மேசை, அதன் பின்னால் இருவர் அமரும் இருக்கை. மேசையின் இந்தப் பக்கத்து நாற்காலிகளே முன் சீட்டுகள்தான். அங்கே இரண்டும் திரும்பாவிட்டால் நால்வர் சாப்பிட உட்கார முடியாது. சமையல் மேடையைப் பின்கோடியில் வைத்திருப்பவர்களுக்கும் இது சரிவரும்.

வழி 4: இருவர் சீட்டை அப்படியே திருப்புவது

நீளச் சீட்டை எடுக்காமல் அதையே திருப்பும் இரட்டைத் தட்டு சில மாடல்களுக்குக் கிடைக்கிறது. டிரான்ஸ்போர்ட்டருக்கு உண்டு. விலை ஒற்றைத் தட்டைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆனால் புதிதாகச் சீட் வாங்க வேண்டாம் என்பதால் மொத்தத்தில் வழி 2-க்கு அருகில் வந்து நிற்கும். முன்னால் மூன்று பெல்ட்டும் அப்படியே இருக்கும். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மழைநாளில் நான்கு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட இதைவிட மலிவான வழி இல்லை.

கனம்தான் குறை. சுற்றும்போது அகலமான இடம் வேண்டும். திரும்பி நின்றால் பக்கவாட்டுக் கதவின் வாசலில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்ளும். இந்த நீளச் சீட்டின் முதுகு பெரும்பாலும் நெட்டுக்குத்தாக இருக்கும், சாய்க்க முடியாது. சாப்பிட, சீட்டுக்கட்டு ஆட நன்றாக இருக்கும். புத்தகத்தோடு இரண்டு மணி நேரம் சாய்ந்திருக்க ஆகாது. நடைபாதையும் கிடைக்காது.

வழி 5: தொழிற்சாலையிலேயே திரும்பும் சீட்டோடு வருவதை வாங்குவது

ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா போன்ற வண்டிகளில் இரண்டு முன் சீட்டும் திரும்பும்படியே வரும். உயரம், பெல்ட், ஏர்பேக் வயர், ஹேண்ட்பிரேக் எல்லாம் தயாரித்தவரே யோசித்து வைத்தவை. காகித வேலையும் கிடையாது. புது வேன் ஆர்டர் செய்து அதைக் கேம்பராக மாற்றப்போகிறவர்கள் திரும்பும் சீட்டை ஆர்டரிலேயே கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். பின்னால் போடுவதைவிட எல்லா வகையிலும் சுத்தமான வேலை. கையில் ஏற்கெனவே வேன் இருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. சீட்டுக்காக மட்டும் வண்டியை மாற்றுவது கட்டுப்படியாகாது.

பழைய கேம்பரைத் திரும்பும் சீட்டோடு வாங்குகிறீர்களா? விற்பவர் முன்னாலேயே முழுச் சுற்றும் திருப்பிப் பாருங்கள், மேசை போட்ட நிலையில். முன்பக்கம் பூட்டியபின் சீட்டின் தோளைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பூட்டு தேய்ந்திருக்கிறது. ஆடும் சீட் எம்.ஓ.டி.யிலும் மாட்டும்.

ஒரே பார்வையில்

| வழி | ஓடும்போது முன்னால் | நிறுத்தியபின் கூடுதலாக | பணம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| திருப்பாதது | 2 அல்லது 3 பேர் | யாருமில்லை | இல்லை | படுக்கை விரித்தபின் உட்கார இடமில்லை |
| பக்கத்துச் சீட் | 2 பேர் | 1 | நடுத்தரம் | ஒற்றைச் சீட் வாங்குவது, கண்ணாடி மறைப்பு |
| இரண்டும் | 2 பேர் | 2 | அதிகம் | ஹேண்ட்பிரேக், ஓட்டும் உயரம், மேடையோடு இடிப்பது |
| இருவர் சீட் | 3 பேர் | 2 | நடுத்தரம் | கனம், வாசல் அடைப்பு, நிமிர்ந்த முதுகு |
| தொழிற்சாலை | 2 பேர் | 2 | வண்டியின் விலையில் அடக்கம் | வண்டியின் விலை |

வாங்கும் முன் வீட்டு வாசலில் ஒரு சோதனை

நிறுத்திய வண்டியில், டிரைவர் சீட்டின் மேல் 4 செ.மீ. தடிமனில் கெட்டியான பலகை அல்லது அழுத்தமான ஃபோம் வைத்து உட்காருங்கள். கிளட்சை முழுசாக மிதித்துப் பாருங்கள், கண்ணாடிக்கு வெளியே மேலே பாருங்கள். இதை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். உட்கார்ந்து பார்ப்பதற்கு மட்டும். அப்புறம் திரும்பிய சீட் எங்கே வருமோ அங்கே ஒரு முக்காலியைப் போட்டுப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, ஒரு தட்டுச் சோறு சாப்பிடுங்கள். முழங்கால் எங்கே முட்டுகிறது, கை எங்கே இடிக்கிறது என்பது இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் தெரிந்துவிடும்.

சரி, அந்த மூன்று நண்பர்கள். முதலாமவர் தனியாக மலையேறப் போகிறவர், ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார், வேண்டாம் என்றேன். இரண்டாமவருக்கு எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள், வேனில் நீளச் சீட் ஏற்கெனவே இருக்கிறது. இரட்டைத் தட்டு போடச் சொன்னேன். மூன்றாமவர் ஓய்வு பெற்றபின் மனைவியோடு 5.99 மீட்டர் டுகாட்டோவைப் புதிதாக எடுக்கிறார், பேரப்பிள்ளைகள் வந்து போவார்கள். ஆர்டரிலேயே இரண்டும் திரும்பும் சீட்டாகக் கேளுங்கள் என்றேன். அவர் வாங்கும் மாடலில் மின்சார ஹேண்ட்பிரேக் வருகிறதா என்று விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.